கேளுங்கள் சொல்கிறோம்: சேற்றில் துள்ளும் மீன்

தேங்காய்த்திட்டு அலையாத்திக் காட்டோரம் சேற்றில் துள்ளும் மீன்கள் இரண்டு அளவில் தெரிகின்றன. பெரியது தாய், சிறியது குஞ்சா?
– புதுச்சேரி வாசகர்

இரண்டும் வேறு வேறு இனமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அளவை விடுங்கள், எப்படித் தின்கிறது என்று கவனியுங்கள். தலையை இடமும் வலமும் ஆட்டி ஈரச் சேற்றை மேய்ந்துகொண்டே போனால் அது போலியோஃப்தால்மஸ். சேற்றின் மேல் படியும் டயாட்டம் பாசிதான் அதன் சாப்பாடு. அதைச் சுரண்டத் தோதாகக் கீழ்த்தாடைப் பற்கள் கிட்டத்தட்டப் படுக்கைவாக்கில் இருக்கும். இந்தப் பேரினத்தில் நம் பக்கம் உள்ளது போடார்ட்டி: பழுப்பு உடம்பில் சாய்ந்த கரும்பட்டைகள், மேலே மினுங்கும் நீலப் புள்ளிகள்.

அசையாமல் கிடந்து, சட்டென்று பாய்ந்து பூச்சியையோ குட்டி நண்டையோ கவ்வினால் பெரியோஃப்தால்மஸ். பெரும்பாலும் விரல் நீளத்தைத் தாண்டாது. நீர் ஏறும்போது முன்னது வளைக்குள் இறங்கிவிடும். இது கரைப்பக்கம் நகர்ந்து வேரில் தொற்றிக்கொள்ளும். ஸ்கார்டிலாவோஸ் என்று மூன்றாவது வகையும் உண்டு. ஒல்லியான உடம்பு, குழம்பான சேற்றை விட்டு அதிகம் நகராது.

படம் எடுத்தால் பக்கவாட்டில், முதல் முதுகுத் துடுப்பு நிமிர்ந்திருக்கும்போது எடுங்கள். மடங்கிய துடுப்பை வைத்துப் பெரியோஃப்தால்மஸ் இனங்களைப் பிரிப்பது வீண் வேலை.

கிள்ளைப் பக்கமிருந்து மகன் இரண்டு பிடித்து வந்து கண்ணாடித் தொட்டியில் விட்டான். தண்ணீர் நிறைய இருந்தும் மறுநாள் ஒன்று செத்துக் கிடந்தது. ஏன்?
– சிதம்பரம் வாசகி

நிறைய இருந்ததே காரணமாகலாம். இந்த மீன் ஈரத்தோல், வாயின் உட்சவ்வு, செவுள் அறை வழியாகக் காற்றிலும் மூச்சு வாங்கும். ஏறி உட்கார இடமில்லாத தொட்டியில் திணறிப்போகும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் வேறு, உப்பும் இல்லை. இடம் குறுகினால் ஒன்றையொன்று கடிக்கவும் செய்யும்.

மிஞ்சியதைப் பிடித்த உப்பங்கழியிலேயே விட்டுவிடுங்கள். அதுவரைக்கும் அகலமான டப்பில் ஒரு பக்கம் மணலைச் சரிவாக மேடாக்கி, மறுபக்கம் நான்கு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். கடல்நீர் பாதி, உப்பில்லாத கிணற்று நீர் பாதி. துளையிட்ட மூடி போட்டால் உள்ளே காற்று ஈரமாக இருக்கும், மீனும் வெளியே குதிக்காது. தோல் காய்ந்தால் பிழைக்காது என்பதால் வெயிலில் வைக்காதீர்கள். பெரியோஃப்தால்மஸ் என்றால் பொடியாக நறுக்கிய இறால் தின்னும். மிச்சத்தை உடனே எடுக்காவிட்டால் தண்ணீர் கெடும். பாசி மேயும் போலியோஃப்தால்மஸ் இறாலை நம்பி வாழாது, தாமதிக்காமல் கொண்டுபோய் விடுங்கள்.

வளைக்குள் இடும் முட்டைக்குக் காற்று எங்கிருந்து வருகிறது?
– கடலூர் முதுநகர் மாணவி

அருமையான கேள்வி. அழுகிய முட்டை வாடை அடிக்கும் கருஞ்சேற்றில் உயிர்வளி இல்லையென்றே சொல்லலாம். அதனால் வளையின் அடியில் முட்டை அறை கட்டி, அதன் கூரையில் முட்டைகளை ஒட்டிவிட்டு, மீன் மேலே வந்து வாய் நிறையக் காற்றை விழுங்கி உள்ளே கொண்டுபோய் விடும். கூரையடியில் காற்றுக்குமிழ் தேங்கும். ஜப்பானில் மோடெஸ்டஸ் என்ற பெரியோஃப்தால்மஸ் இனத்தை ஆராய்ந்தபோது தெரிந்தது இன்னும் வேடிக்கை: முட்டை முதிர்ந்ததும், இரவில் நீர் ஏறும் வேளையில் ஆண் மீன் அந்தக் காற்றை வாய்வாயாக வெளியேற்றிவிடுகிறது. அறையில் தண்ணீர் நிறைந்ததும் குஞ்சுகள் பொரிகின்றன.

பிச்சாவரத்தில் இவற்றை எப்போது பார்க்கலாம்?
– நெய்வேலி வாசகர்

வற்றத்தின்போது, அதாவது கடல்நீர் இறங்கியிருக்கும்போது. நம் கரையில் ஏற்றவற்ற வித்தியாசம் குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் சேறு அகலமாக வெளிப்படும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் போனால் ஏமாற்றம்தான். படகை வாய்க்கால் ஓரம் நிறுத்தி, நிழல் சேற்றில் விழாமல் பத்து நிமிஷம் அசையாமல் இருங்கள். ஒளிந்தவை ஒவ்வொன்றாக வெளியே வரும். சேற்றில் மட்டும் இறங்காதீர்கள். உங்கள் கால் புதையும், வளையும் இடியும்.