பிளேமேட்டில் கட்டம் போடலாமா?

வாசகர் கேள்வி: போக்கிமான் கார்டு ஆடுகிறேன், நண்பர்கள் வந்தால் யூ-கி-ஓ என்ற இன்னொரு கார்டு ஆட்டமும் உண்டு. என் தங்கை ஏ4 தாளில் வரைந்த படத்தை வைத்துச் சொந்தமாக ஒரு பிளேமேட் (ஆடும்போது மேசையில் விரிக்கும் துணி விரிப்பு) அச்சடிக்க ஆசை. என்ன அளவு கொடுப்பது? கார்டு வைக்கும் கட்டங்களையும் சேர்த்து அச்சிடலாமா? இரண்டு ஆட்டத்துக்கும் ஒரே மேட் போதுமா?

பதில்: போதும். ஆனால் கட்டம் அச்சிடக் கூடாது. இரண்டு ஆட்டத்துக்கும் பொது மேட் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒரே ஆட்டத்துக்கான மேட்டாக இருந்தாலும் கட்டம் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பரவலாகக் கிடைக்கும் மேட் 24 அங்குல அகலம், 14 அங்குல உயரம். அதாவது ஏறத்தாழ 610 × 355 மில்லிமீட்டர். உறை, பை எல்லாம் இந்த அளவுக்கே வருவதால் இதை மாற்றாதீர்கள். போக்கிமான் கார்டு 63 × 88 மி.மீ.; ஸ்லீவ் (கார்டைக் காக்கும் பிளாஸ்டிக் உறை) போட்டால் 66 × 91 ஆகிவிடும். யூ-கி-ஓ கார்டு கொஞ்சம் சிறியது: 59 × 86, ஸ்லீவோடு 62 × 89. கணக்கை எப்போதும் ஸ்லீவ் அளவில் போடுங்கள். வெறும் கார்டு அளவில் கட்டம் வரைந்து, பிறகு கார்டு பிதுங்கி நிற்கும் மேட்டுகள் ஏராளம்.

போக்கிமானில் இடப்பக்கம் ஆறு பிரைஸ் கார்டுகள் (எதிராளியின் போக்கிமானை வீழ்த்தினால் எடுப்பவை), வலப்பக்கம் டெக் (எடுத்து ஆடும் கார்டுக் கட்டு), அதன் கீழே டிஸ்கார்டு (கழித்த கார்டுகள்). பிரைஸை இரண்டிரண்டாக மூன்று வரிசை வைத்தால் அகலத்தில் 132 மி.மீ. போகும், டெக்குக்கு 66. நடுவில் மீதி 412. காத்திருக்கும் போக்கிமான்களின் வரிசையான பெஞ்சில் ஐந்து கார்டுக்கு 330 போதும், தாராளம். ஆனால் 2024-இல் வந்த ஏரியா ஜீரோ அண்டர்டெப்த்ஸ் என்ற ஸ்டேடியம் கார்டு (இரு ஆட்டக்காரர்களுக்கும் பொருந்தும் விதியைக் கொண்டது) என்ன செய்தது? களத்தில் டெரா வகைப் போக்கிமான் வைத்திருப்பவர் பெஞ்சில் எட்டு வரை வைக்கலாம் என்றது. எட்டு கார்டுக்கு 528 மி.மீ. வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏற்றி வைத்தால்தான் நடுவில் அடங்கும். ஐந்து கட்டம் அச்சிட்ட மேட்டில் அந்த எட்டும் கோட்டின் மேலேயே கிடந்து கண்ணைக் குழப்பும். இது புது வம்பும் அல்ல. 2015-இலேயே ஸ்கை ஃபீல்டு என்ற ஸ்டேடியம் கார்டு இதே வேலையைச் செய்தது.

யூ-கி-ஓ கதை இன்னும் மோசம். 2014-இல் பெண்டுலம் என்ற புதுவகைக் கார்டுகளுக்கென்று தனி இடங்கள் வந்தன. 2017-இல் அவற்றை எடுத்துவிட்டு, இரண்டு ஆட்டக்காரர்களுக்கும் நடுவே எக்ஸ்ட்ரா மான்ஸ்டர் இடங்கள் இரண்டைக் கொண்டுவந்தார்கள். 2014 விதிப்படி கட்டம் போட்டு அச்சடித்தவர்களின் மேட் மூன்றே வருடத்தில் பழசாகிவிட்டது.

இன்னொரு சிக்கல் பலர் கண்ணில் படுவதில்லை. தற்காப்பு நிலையில் மான்ஸ்டர் கார்டு குறுக்கே திரும்பிப் படுக்கும். ஆக ஒருவருக்குரிய ஐந்து மான்ஸ்டர் இடங்களுக்கும் தலா 89 மி.மீ. அகலம் வேண்டும், 62 அல்ல. 5 × 89 = 445; இருபுறமும் ஃபீல்டு கார்டுக்கும் கிரேவ்யார்டுக்கும் (பயன்படுத்தி முடித்த கார்டுகளின் குவியல்) 62 வீதம் 124; மொத்தம் 569. மேட்டில் மிஞ்சுவது 41 மி.மீ. மட்டும்! கார்டுக்குக் கார்டு 7 மி.மீ. இடைவெளிகூட முழுதாக வராது. இதில் தடித்த பார்டர் போட்ட கட்டம் எங்கே பொருந்தும்? இடம் காட்ட ஏதாவது வேண்டும் என்று மனசு கேட்கவில்லையென்றால், டெக் வைக்கும் மூலையில் மட்டும் மெல்லிய குறி ஒன்று போடுங்கள். அது இரண்டு ஆட்டத்திலும் வலப்பக்கம்தான்.

சரி, படம். மேட்டின் நடுவும் கீழ்ப்பாதியும் கார்டால் மூடிவிடும். முகத்தை நட்டநடுவில் வைத்தால் ஆட்டம் முழுக்க உங்கள் ஆக்டிவ் போக்கிமான் (அப்போது சண்டையிடும் கார்டு) அதன் மேல் உட்கார்ந்திருக்கும். மேல் பாதியில், நடுவிலிருந்து நாலைந்து அங்குலம் வலப்பக்கம் தள்ளினால் ஆக்டிவுக்கும் டெக்குக்கும் இடையே முகம் தெரியும். கார்டு விழும் பகுதியில் நுணுக்கமான கோடும் பளிச் நிறமும் குறையட்டும். இல்லையென்றால் அடியைக் கணக்கு வைக்கும், கண்ணாடி மாதிரி இருக்கும் டேமேஜ் கவுன்டர் அதில் தொலைந்துவிடும்.

தங்கை வரைந்த தாளை ஃபோனில் படமெடுத்து அனுப்பாதீர்கள். பிக்ஸல் போதுமாக இருந்தாலும் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல் என்று வரும், ஓரங்களும் வளையும். ஸ்கேனரில் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) வையுங்கள். ஏ4-இன் நீளப் பக்கம் சுமார் 7,000 பிக்ஸல் வரும். 24 அங்குலத்துக்கு விரித்தால் ஏறத்தாழ 290 டிபிஐ. அருமையாக அச்சாகும். 300-இல் ஸ்கேன் செய்தால் அதில் பாதி. துணியில் அதுவும் பரவாயில்லை. ஆனால் ஏ4 மேட்டைவிட உயரமான வடிவம். முழு அகலத்தையும் பயன்படுத்தினால் மேலும் கீழுமாகச் சேர்த்து மூன்றரை சென்டிமீட்டருக்கு மேல் தாளில் வெட்டுப்படும். எதை வெட்டுவது என்று தங்கையிடமே கேளுங்கள், இல்லையென்றால் பிறகு வீட்டில் பஞ்சாயத்து. வெட்டும்போது கொஞ்சம் நகரலாம் என்பதால் நான்கு பக்கமும் கால் அங்குலம் படம் கூடுதலாக நீளட்டும். எழுத்தோ கையெழுத்தோ ஓரத்தை ஒட்டி வேண்டாம்.

அச்சு சப்ளிமேஷன் முறை. மையை முதலில் தாளில் அச்சிட்டு, ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் அழுத்தினால் அது ஆவியாகி பாலியெஸ்டர் இழைக்குள் இறங்கிவிடும். தேய்த்தாலும் உரியாது. பருத்தித் துணியில் இது பிடிக்காது. இதில் வெள்ளை மை கிடையாது, துணியின் வெண்மையே படத்தின் வெண்மை. திரையில் ஒளிர்கிற நீலமும் பச்சையும் துணியில் சற்று அடங்கி வரும், இருட்டான இடங்கள் ஒன்றாகக் கலந்துவிடும். அதனால் நிழல் பகுதிகளைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி அனுப்புங்கள். ஸ்போர்ட்ஸ் ஜெர்சிக்கு இதே முறையில் அச்சடிப்பவர்கள் திருப்பூரில் உண்டு. ஆனால் உங்களுக்கு அடியில் ரப்பர் ஒட்டிய துணி வேண்டும், அதனால் மவுஸ்பேட் செய்பவரிடம் விசாரிப்பதே சுருக்கு வழி. 2 மி.மீ. தடிமன் கேளுங்கள். ஓரத்தில் ஓவர்லாக் தையலுக்குக் கூடுதல் காசு கேட்டால் கொடுத்துவிடலாம், துணி பிரியாமல் இருக்கும்.

தங்கை வரைந்தது பிகாச்சு போன்ற கம்பெனிப் பாத்திரம் என்றால் சில அச்சகங்கள் உரிமைச் சிக்கலுக்குப் பயந்து மறுக்கலாம். அவளே கற்பனை செய்த உருவம் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

அப்புறம், மேட் கைக்கு வந்ததும் படம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டி வையுங்கள். விரிக்கும்போது ஓரம் மேலே கிளம்பாமல் மேசையோடு படியும். அழுக்கானால் குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் சோப்பு போட்டுக் கையால் அலசி, நிழலில் காயப்போடுங்கள். வாஷிங் மெஷினும் இஸ்திரிப் பெட்டியும் ரப்பருக்கு ஆகாது.