பிள்ளை தூங்கும்போது ஆச்சிய அனுப்பலாமா?

கேள்வி: அக்கா, எங்களுக்கு பாளையங்கோட்டை. பையனுக்கு 5 வயசு, யூகேஜி. ரெண்டு மாசமா வாரத்துல நாலு நாளாவது விடியக்காலம் 3 மணி 4 மணிக்கு அலறிக்கிட்டு எந்திரிக்கான். பஸ் போயிருச்சு, நான் மட்டும் நிக்கேன்னு சொல்லிச் சொல்லி அழுவுதான். குறுக்குத்துறை முருகன் கோவில்ல திருநீறு போட்டாச்சு, பள்ளிவாசல் வாசல்ல நின்னு ஓதிட்டும் வந்தாச்சு, கையில தாயத்தும் கட்டியாச்சு. டிவில பேய் கார்ட்டூன் பாக்கான், அதனாலயா இருக்குமோ? நான் வேலைக்குப் போறதால பொறந்ததுல இருந்து அவன் ஆச்சிதான் பாத்துக்கிட்டாவ, அவங்க கூடத்தான் படுப்பான். வீட்டுல கொஞ்சம் மனஸ்தாபம், அத்தை இப்ப சங்கரன்கோவில்ல கொழுந்தனார் வீட்டுல இருக்காவ. இவன் பாத்தா அழுது ஊரக் கூட்டுவான்னு தூங்கும்போதே அனுப்பி வச்சிட்டோம். இப்ப தனியா படுத்துப் பழகுதான். அவங்க அப்பாவுக்கு காலையில டியூட்டி, ராத்திரி எந்திரிக்க மாட்டாவ. எனக்கும் முடியல. என்ன செய்ய அக்கா?

பதில்: தங்கச்சி, திருநீறு, தாயத்து, கார்ட்டூன் எல்லாத்தையும் வரிசையா எழுதிட்டு, "தூங்கும்போதே அனுப்பி வச்சிட்டோம்"னு ஒண்ண ஓரமா செருகி வச்சிருக்க பாரு, எனக்கு அதுக்கு மேல வாசிக்க ஓடல. திரும்பத் திரும்ப அங்கனயே வந்து நின்னேன்.

நீயே யோசி. ராத்திரி ஆச்சி பக்கத்துல படுத்திருக்காவ, பிள்ளை கண்ண மூடுதான். காலையில முழிச்சா பக்கத்துல ஆள் இல்ல, கொடியில சேலை இல்ல, ஒண்ணும் இல்ல. பெரியவங்க முகம் கோணினதோ பெட்டி கட்டினதோ அவனுக்குத் தெரியாது. அஞ்சு வயசுப் புத்திக்கு அதுல என்ன எட்டும்? நான் தூங்கினேன், ஆச்சி போயிட்டாவ. அப்ப இன்னைக்கு நான் தூங்கினா யாரு போவா, அம்மாவா? பஸ் போயிருச்சு நான் மட்டும் நிக்கேன்னு அவன் வாயால உன்கிட்ட சொல்லிட்டே இருக்கான், நீ அதக் கேட்டுட்டு பேய்னு நினைச்சு தாயத்து கட்டிட்டு வந்துருக்க.

அழுது ஊரக் கூட்டுவானாம். கூட்டட்டுமே! அவன் அழுகைய நேருக்கு நேரா பாக்குறதுக்கு உங்க ரெண்டு பேருக்கும் அன்னைக்கு தெம்பு இல்ல, அதான் விஷயம். அன்னைக்கு ஒரே நாள்ல அழுது தீத்திருப்பான், இப்ப அதயே விடியக்காலம் தவணை கட்டுற மாதிரி அழுவுதான்.

எங்க அப்பா பம்பாய்க்குப் போனப்ப எனக்கு ஆறு வயசு. எழுப்பாதீய, அழுவான்னு அம்மா தடுத்தாவ. அப்பா கேக்கல, எழுப்பி மடியில வச்சு, தீவாளிக்கு வந்துருவேன், அதுவரைக்கும் லெட்டர் போடுவேன்னு சொல்லிட்டுத்தான் போனாவ. நான் போட்ட சத்தத்துல தெருவே முழிச்சிருச்சு. ஆனா அப்பா எங்க போனாவன்னு எனக்குத் தெரியும், எப்ப வருவாவன்னும் தெரியும். உன் பையனுக்கு இந்த ரெண்டுல எது தெரியும்? ஆச்சி எங்கன்னு அவன் கேட்டப்ப நீ என்ன சொன்னன்னு லெட்டர்ல இல்ல. "நாளைக்கு வந்துருவாவ"ன்னு சொல்லிருப்ப, அப்படித்தான?

மனஸ்தாபத்துல யாரு பக்கம் நியாயம்னு நான் கேக்கல, அது உங்க வீட்டுக் கத. ஆனா என் மனசுல உள்ளத சொல்லிருதேன். நீ நிம்மதியா வேலைக்குப் போகணும்னு அஞ்சு வருசம் பேரன இடுப்புல வச்சு வளத்த மனுசிய, பேரன்கிட்ட ஒரு வார்த்த சொல்ல விடாம கிளப்பிவிட்டது தப்பு. சண்ட இருக்கலாம், ஒரே வீட்டுல இருக்க முடியாமக்கூட போகலாம், அதுக்காக பிள்ளைகிட்ட இருந்து ஆச்சிய அறுத்து விடக்கூடாது. உன் வீட்டுக்காரரும் இத வாசிக்கட்டும். அனுப்பினது அவர பெத்த தாய, அலறுறது அவரு பெத்த பிள்ளை, இதுல டியூட்டின்னு அவரு திரும்பிப் படுத்துக்கிட்டா எப்படி? நீயும்தான் காலையில வேலைக்கு ஓடுத. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவரு எந்திரிக்கணும்.

இப்ப கனவு சங்கதிக்கு வாரேன். கெட்ட கனவு பெரும்பாலும் ராத்திரி பின்பாதியில, விடியக்காலத்த ஒட்டித்தான் வரும், கனவுத் தூக்கம் அப்பத்தான் ஜாஸ்தி. பிள்ளை முழுசா முழிச்சிரும், கண்டத சொல்லும், உன்னத் தேடும். உன் பையனுக்கு அப்படியே இதுதான். இன்னொண்ணு இருக்கு, தூங்கின முதல் ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள கண்ணத் திறந்துக்கிட்டே கத்தும், அம்மாவையே அடையாளம் தெரியாது, காலையில கேட்டா ஒண்ணும் ஞாபகம் இருக்காது. அது தூக்கத்துல வர்ற மிரட்சி, அப்ப உலுக்கி எழுப்பாம கீழ விழுந்துராம பாத்துக்கிட்டு இருந்தா தானா அடங்கிரும்.

ராத்திரி அவன் அலறும்போது ஒண்ணுமில்ல கனவுதான்னு அதட்டி படுக்க வைக்காத. பக்கத்துல உக்காரு, கையப் பிடிச்சுக்க, "அம்மா இங்கனதான் இருக்கேன், நீ தூங்கினாலும் இருப்பேன்"னு சொல்லு, அவனுக்கு கேக்க வேண்டியது அந்த ரெண்டாவது பாதிதான். தூங்குற வரைக்கும் நகராத. சின்னதா ஒரு பல்பு எரியட்டும். ஆச்சி போன கையோட தனியா படுக்கப் பழக்குறது எதுக்கு? அத ஆறு மாசம் தள்ளிப் போடு.

கனவப் பத்தி பேச்செல்லாம் பகல்ல. அவன் கையில கிரேயான குடுத்து அந்த பஸ்ஸ வரையச் சொல்லு, அப்புறம் என்ன ஆகணும்னு அவன்கிட்டயே கேளு. டிரைவர் பிரேக் போடட்டும், இல்ல இவனே டிரைவர் ஆகட்டும், ஆச்சி ஜன்னல்ல இருந்து கை காட்டி இறங்கி வரட்டும், என்ன முடிவுன்னு அவன்தான் சொல்லணும், நீ எடுத்துக் குடுக்காத. அதயே தினமும் சாயங்காலம் ஒரு தடவ சொல்லிப் பாக்கட்டும். இத டாக்டர்மாரும் சொல்லிக் குடுக்குற வழிதான்.

திருநீறு பூசுறதுல எனக்கு வருத்தம் இல்ல, நானும் பேரப்பிள்ளைகளுக்கு பூசுதவதான். ஆனா தாயத்து கட்டும்போது இனி பேய் உன்கிட்ட வராதுன்னு சொல்லிருந்தா, அது ஒண்ணு இருக்குன்னு நீங்களே அவனுக்கு சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிரும். கார்ட்டூன நிப்பாட்டு, படுக்கதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி டிவி போன் எதுவும் வேண்டாம். இந்த வயசுக்கு பகல் தூக்கமும் சேத்து 10 மணி நேரத்துக்குக் குறையாம வேணும், தூக்கம் குறைஞ்சா கனவு கூடும்.

வாயத் திறந்து குறட்ட விடுதானா, நின்னு போன படுக்கையில ஒண்ணுக்குப் போறது திரும்பியிருக்கா, பகல்லயும் பயந்து உன்னையே ஒட்டிக்கிட்டு நிக்கானான்னு கவனி. வீசிங்குக்கு மான்டெலுகாஸ்ட் மாத்திரை குடுக்கியான்னும் பாரு, சில பிள்ளைகளுக்கு அதனாலயும் கெட்ட கனவு வரும், ஆனா நீயா நிப்பாட்டிராம டாக்டர்கிட்ட கேளு. இதுல எது இருந்தாலும், இல்ல ஒரு மாசத்துல குறையலன்னாலும், ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில பிள்ளைக டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ.

அதுக்கு முன்னாடி, வர்ற சனிக்கிழம மூணு பேருமா சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறுங்க. நீ அத்தைகிட்ட பேசணும்னு கூட நான் சொல்லல, பேசினா நல்லது. ராத்திரி அவன் ஆச்சிகிட்ட படுக்கட்டும். ஞாயித்துக்கிழம கிளம்பும்போது அவன் நல்லா முழிச்சிருக்கணும், அடுத்து எந்த சனிக்கிழம வருவோம்னு ஆச்சி வாயாலயே அவன்கிட்ட சொல்லட்டும், காலண்டர்ல அந்தத் தேதிய அவனே வட்டம் போடட்டும். அழுவான், விடு. திரும்பி வரும்போது பஸ்ல தூங்கிட்டான்னா தூக்கிட்டு இறங்காத, எழுப்பி, வீடு வந்துருச்சுன்னு சொல்லிட்டு இறக்கு.