மச்சுப் பலகைக்கு என்ன பெயிண்ட் வாங்குவது?

கேள்வி: மயிலாடுதுறை பக்கம் பழைய வீடு. மச்சில் தேக்குப் பலகைத் தளம், 12-க்கு 16 அடி. எப்போதோ அடித்த சிவப்பு எனாமல் திட்டுத்திட்டாக உரிகிறது. அதன் மேலேயே இன்னொரு கோட் எனாமல் அடித்தால் போதும் என்கிறார் பெயிண்டர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். கதவு ஜன்னலுக்கு அடிக்கிற எனாமல் காலடியில் நிற்காது. ஒரு நெல் மூட்டையை இழுத்தாலே கீறல் விழும். உரிகிற பூச்சின் மேல் அடித்தால் புதியதும் அதோடு சேர்ந்து கழன்று வரும். தளத்துக்கு ஏற்றது, பெயிண்ட் ஒரு டப்பா, அதை இறுக வைக்கும் ஹார்டனர் ஒரு டப்பா என்று ஜோடியாக வரும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட். எபாக்ஸி என்ற பூச்சும் கெட்டிதான், ஆனால் அடைமழையில் உப்பி, கோடையில் சுருங்கும் பலகையோடு அது வளைந்துகொடுக்காது. வெயில் படும் இடத்தில் மஞ்சளிக்கவும் செய்யும்.

உங்கள் தளம் 192 சதுர அடி. ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வரும் என்று வைத்துக்கொண்டால், பிரைமர் 2 லிட்டர், பி.யூ. இரண்டு கோட்டுக்கு ஹார்டனர் சேர்த்து 4 லிட்டர். பிரைமரும் அதே கம்பெனியின் பி.யூ. பிரைமராக இருக்கட்டும். தின்னரில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் ஆல்கஹால் கலந்திருக்கும். அது ஹார்டனரைத் தின்றுவிடும், தளம் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். பி.யூ. தின்னர் என்றே கேட்டு வாங்குங்கள்.

பழைய எனாமலை முழுக்க எடுத்தாக வேண்டும். மிச்சம் வைத்தால் பி.யூ. தின்னர் பட்டு அது சுருங்கி எழும்பும். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய சிவப்பு பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். காய்ந்த பூச்சைத் தேய்த்துப் பொடி பறக்கவிடாமல், பெயிண்ட் ரிமூவர் தடவிச் சுரண்டி எடுங்கள். என்95 மாஸ்க் அவசியம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம். பொடியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

பிறகு திருப்புளியால் பலகைகளைக் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று இறங்கினால் அங்கே கரையான் அல்லது மக்கல். ஆசாரியைக் கூப்பிட்டு அந்தப் பலகையை மாற்றாமல் பெயிண்ட் வாங்கப் போகாதீர்கள். துருத்தும் ஆணித் தலைகளை உள்ளே அடித்து இறக்கிவிட்டு, மர ரேகை ஓடும் திசையிலேயே 60, 80, 120 நம்பர் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஆங்கிள் கிரைண்டரை அனுமதிக்காதீர்கள். அது போடும் வட்டப் பள்ளங்கள் பெயிண்ட் அடித்த பிறகு பளிச்சென்று தெரியும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. பிரைமருக்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தால்தான் பூச்சு பிடிக்கும். பலகை இடுக்குகளில் சுவர்ப் புட்டி வேண்டாம், பலகை அசைந்ததும் உதிரும்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஹார்டனர் ஈரத்தோடு சேர்ந்தால் வாயு உண்டாகிப் பூச்சில் குமிழி கிளம்பும். மாசி, பங்குனியில், பனி விலகி நன்றாக வெயில் ஏறிய பிறகு அடியுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் தீர்க்கக்கூடிய அளவை மட்டும் டப்பாவில் போட்டுள்ள விகிதப்படி கலக்குங்கள், மீந்தது இறுகிவிடும். கீழே அடுப்பு எரியக்கூடாது. மறுநாள் வெறுங்காலோடு நடக்கலாம், பாய் விரிக்கவும் மூட்டை அடுக்கவும் ஒரு வாரமாவது போகட்டும்.

கேள்வி: பலகை நன்றாக இருந்தால் நிறம் அடிக்கத்தான் வேண்டுமா?

பதில்: தேவையே இல்லை. ரேகை தெரியும்படி நிறமில்லாத மேட் (பளபளக்காத) பி.யூ. போதும். மாற்றிய பலகைகளின் ஒட்டு தெரிந்தால் மட்டும் நிறம்.

கேள்வி: பெயிண்டர் ஒரே பிராண்டைத்தான் வாங்கச் சொல்கிறார்.

பதில்: சில டப்பாக்களில் பெயிண்டருக்குப் பணமோ பரிசோ கிடைக்கும் டோக்கன் இருக்கும், காரணம் அதுவாகவும் இருக்கலாம். நீங்களே போய் வாங்குங்கள். டப்பாக்களின் பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா, தயாரித்த தேதி என்ன என்று பார்த்து ரசீது கேளுங்கள். கலர் கலந்த டப்பாவைக் கடைக்காரர் பெரும்பாலும் திரும்ப எடுக்க மாட்டார். அதனால் முதலில் ஒரு லிட்டருக்கு மட்டும் கலர் கலந்து வாங்கி, வீட்டில் ஒரு மூலையில் அடித்துப் பாருங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால், ரசீதோடு 1915-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம்.