குரங்கின் முன்நெற்றிப் புறணியும் மூளையின் ஆழ்பகுதிகளும் எவ்வாறு இணைந்துள்ளன?

குலசேகரத்தில் விலங்கியல் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: பாடநூல் படத்தில் முன்நெற்றிப் புறணி (நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் மேலடுக்கு) மேலேயும், தலாமஸ் (புறணிக்குச் செய்தி கடத்தும் பகுதி), பேசல் கேங்லியா (செயல்களைத் தேர்வதில் பங்குள்ள நரம்பணுத் திரள்கள்), அமிக்டலா (உணர்ச்சியோடு தொடர்புடைய பகுதி) ஆகியவை கீழேயும் இருக்க, நடுவில் ஒரே ஓர் அம்புக்குறி மட்டும் இருக்கிறது; குரங்கில் இந்த இணைப்பு உண்மையில் எப்படி அமைந்துள்ளது, அதை எப்படிக் கண்டறிந்தார்கள்? நாகர்கோவிலில் உடலியங்கியல் கற்பிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்த ஒற்றை அம்புக்குறி தவறான எண்ணத்தையே தருகிறது. புறணி மேலிருந்து ஆணையிடுகிறது என்பதும் சரியல்ல, கீழிருந்து வருவதை வெறுமனே பெற்றுக்கொள்கிறது என்பதும் சரியல்ல. இணைப்புகளில் பெரும்பாலானவை கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும் சுற்றுகள்.

தலாமஸின் மீடியோடார்சல் உட்கருவை (இங்கே உட்கரு என்பது நரம்பணுக்களின் திரள், செல்லின் உட்கரு அல்ல) விட்டுவிட்டு முன்நெற்றிப் புறணியைப் பற்றிப் பேசவே முடியாது. இந்த உட்கருவிலிருந்து இழைகள் வந்து சேரும் பகுதியையே முன்நெற்றிப் புறணி எனக் கொள்ளலாம் என்று ரோஸ், வுல்சி ஆகிய இருவரும் 1948இல் முன்மொழிந்தனர். அதாவது, மேலே இருப்பதன் எல்லையைக் கீழே இருப்பதைக் கொண்டு வகுத்தார்கள். ரீசஸ் குரங்கில் இதன் பெரிய செல்கள் கொண்ட உட்பகுதி கண்குழிக்கு மேலுள்ள ஆர்பிட்டல் புறணியுடனும், சிறிய செல்கள் கொண்ட பகுதி 46ஆம் பகுதி (புறணி வரைபடத்தில் எண்ணால் குறிக்கப்படும் ஒரு பகுதி) அடங்கிய பக்கவாட்டுப் புறணியுடனும் முதன்மையாக இணைந்துள்ளன. புறணியின் ஐந்தாம், ஆறாம் அடுக்குகளிலிருந்து அதே உட்கருவுக்கு இழைகள் திரும்பிச் செல்கின்றன.

இந்த இருவழிப் பாதையின் பயனை விளக்கியது 'தாமதப் பதில்' சோதனை. குரங்கின் கண் முன்னே இரண்டு குழிகளில் ஒன்றில் பழத்துண்டை வைத்து, இரண்டையும் ஒரே மாதிரி மூடி, திரையை இறக்குவார்கள். சில நொடிகள் கழித்துத் திரை உயரும்போது, குரங்கு நினைவை மட்டுமே கொண்டு சரியான குழியைத் திறக்க வேண்டும். திற்பரப்பு அருவிக்குச் சென்றவர்கள் இதைச் சோதனைக் கூடம் இல்லாமலே பார்த்திருக்கலாம்: மட்டிப் பழம் பையின் எந்த அறைக்குள் போனது என்று பார்த்துவைத்த நாட்டுக்குரங்கு, கடைக் கூரையைச் சுற்றி இறங்கி வந்து நேராக அந்த ஜிப்பிலேயே கை வைக்கும். (ஆய்வுகள் பெரும்பாலும் ரீசஸ் குரங்கில் நடந்தவை, நம்மூர்க் குரங்கும் அதே மக்காக்கா பேரினம்தான்.) முன்நெற்றிப் புறணி சேதமடைந்த குரங்குகள் இச்சோதனையில் தோற்பதை 1930களில் ஜேக்கப்சன் காட்டினார். 1971இல் ஃபஸ்டரும் அலெக்சாண்டரும், காத்திருக்கும் அந்த நொடிகளில் புறணியின் நரம்பணுக்கள் மட்டுமல்லாமல் மீடியோடார்சல் உட்கருவின் நரம்பணுக்களும் தொடர்ந்து கூடுதலாக இயங்குவதைப் பதிவுசெய்தனர்.

பேசல் கேங்லியாவில்தான் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். 46ஆம் பகுதியிலிருந்து, பேசல் கேங்லியாவின் நுழைவாயிலான காடேட் உட்கருவுக்கு நேரடி இழைகள் உண்டு. ஆனால் காடேட்டிலிருந்து நேரே மேலே ஒரு கோடு இழுத்துவிடக் கூடாது. செய்தி பேசல் கேங்லியாவின் வெளிவாயில்களான குளோபஸ் பாலிடஸின் உட்பிரிவுக்கும் சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் ரெட்டிகுலேட்டா பகுதிக்கும் சென்று, பிறகு தலாமஸ் வழியாகவே புறணியை அடைகிறது. அவ்விரு இடங்களின் நரம்பணுக்கள் ஓய்விலும் ஓயாமல் துடித்து, காபா என்னும் வேதிப்பொருளால் தலாமஸை அடக்கியே வைத்திருப்பவை. பேச்சிப்பாறைக் கால்வாயில் மடைப்பலகை எப்போதும் இறக்கியே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காடேட் தண்ணீரைத் தள்ளுவதில்லை, பலகையைத் தூக்குகிறது. இத்தகைய ஐந்து இணைச் சுற்றுகளை அலெக்சாண்டர், டிலாங், ஸ்ட்ரிக் ஆகியோர் 1986இல் விவரித்தனர்.

இத்தனை கண்ணிகள் கொண்ட பாதையை எப்படிப் பின்தொடர்வது? ஹார்ஸ்ராடிஷ் பெராக்சிடேஸ் என்னும் நொதி போன்ற தடங்காட்டிகளை (இழை செல்லும் வழியைக் காட்டும் பொருள்களை) நரம்பிழையின் முனை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் அவை அந்தச் செல்லின் உடலை எட்டியதும் நின்றுவிடும். ஆகவே 1994இல் மிடில்டனும் ஸ்ட்ரிக்கும் ஹெர்பிஸ் வைரஸையும், 2003இல் கெல்லியும் ஸ்ட்ரிக்கும் வெறிநாய்க்கடி வைரஸையும் பயன்படுத்தினர். நாய் கடித்த இடத்திலிருந்து நரம்பு வழியே மூளைக்கு ஏறும் குணமே இங்கே கருவியாகிறது: அந்த வைரஸ் ஒரு நரம்பணுவிலிருந்து அதற்குச் செய்தி அனுப்பும் நரம்பணுவுக்கு, சினாப்ஸை (இரு நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்தை) தாண்டிப் பின்னோக்கிச் செல்கிறது, எத்தனை நாள் விடப்பட்டது என்பதைக் கொண்டு எத்தனை கண்ணி பின்னால் போயிருக்கிறது என்று கணக்கிடலாம். 46ஆம் பகுதியில் செலுத்தியபோது அது பாலிடஸில் மட்டுமல்ல, சிறுமூளையின் டென்டேட் உட்கருவிலும், இயக்கப் புறணிக்கு (தசை அசைவுகளை இயக்கும் புறணிப் பகுதிக்கு) உரிய இடத்திலிருந்து வேறான ஓரிடத்தில், தென்பட்டது. சிறுமூளை என்றால் உடல் சமநிலை என்று ஒரே வரி எழுதி மதிப்பெண் வாங்கிய என் தலைமுறைக்கு இது எளிதில் செரிக்கவில்லை.

அமிக்டலாவின் இழைகள் எல்லாப் பகுதிக்கும் சமமாகப் போவதில்லை. ஆர்பிட்டல் புறணியின் பின்பகுதியிலும் உட்பக்கப் புறணியிலும் அவை அடர்த்தி. 46ஆம் பகுதியில் மிகக் குறைவு. ஆகவே 'முன்நெற்றிப் புறணி உணர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது' என்று யாராவது எழுதினால், அதில் எந்தப் பகுதி என்று கேட்பது நியாயமே. நடுமூளையிலிருந்து வரும், டோபமைன் என்னும் வேதிப்பொருளால் செய்தி அனுப்பும் இழைகள் சிலவே எனினும் அவற்றின் செல்வாக்கு பெரிது: 1979இல் புரோசோஸ்கியும் குழுவினரும் ரீசஸ் குரங்குகளின் முன்நெற்றிப் புறணியில் டோபமைனை மட்டும் வற்றச் செய்தபோது, அப்பகுதியையே வெட்டி நீக்கியதற்கு ஏறக்குறைய நிகராக நினைவுச் சோதனை கெட்டது, மூளையில் டோபமைனாக மாறும் எல்-டோபா மருந்தைக் கொடுத்தபோது மீண்டது.

மனித மூளையில் இவ்வாறு வைரஸ் செலுத்த முடியாது என்பதால் டிஃப்யூஷன் எம்ஆர்ஐ ஸ்கேனையே நம்ப வேண்டியிருக்கிறது. அது இழைக்கற்றைகள் செல்லும் வழியைக் காட்டுமே தவிர, செய்தி எந்த முனையிலிருந்து எந்த முனைக்குப் போகிறது என்பதைக் காட்டாது. அந்தத் திசையை இன்றும் பெரும்பாலும் குரங்கில் செய்த தடங்காட்டி ஆய்வுகளிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள்.