காலை அவசரமும் டிபன் பாக்ஸும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வங்கியில் வேலை பார்க்கிறேன். காலை ஏழே முக்காலுக்கெல்லாம் கிளம்பியாக வேண்டும். அதற்குள் இரண்டு பிள்ளைகளுக்கும் மதியச் சாப்பாடு கட்ட வேண்டும். அலுப்பில் எலுமிச்சை சாத மிக்ஸ், புளியோதரை பேஸ்ட், உப்புமா மிக்ஸ் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கி அடுக்குகிறேன். மாதக் கடைசியில் மளிகை பில்லைப் பார்த்தால் பகீர் என்கிறது. எதை வாங்கலாம், எது வீண்?
- திருச்சி வாசகி

பதில்: இரவு பத்து மணிக்குப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, விடிய ஐந்தரைக்கு எழுகிறவர் பாக்கெட் வாங்கியதற்காக மனம் நோக வேண்டியதே இல்லை, சகோதரி. அந்தப் பாக்கெட் உங்களுக்கு எத்தனை நிமிடம் மிச்சப்படுத்துகிறது என்று மட்டும் பாருங்கள். நேரம் பிடிக்கிற வேலைக்குக் காசு கொடுக்கலாம். ஐந்து நிமிட வேலைக்குக் கொடுக்க வேண்டாம்.

எலுமிச்சை சாத மிக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதம் வடிப்பது நீங்கள்தான். மிச்சம் இருப்பது கடுகு, கடலைப்பருப்பு, பச்சை மிளகாய் தாளித்து, மஞ்சள்தூள் போட்டு, அடுப்பை அணைத்ததும் பழம் பிழிவது. அவ்வளவுதான். பாக்கெட்டைப் பிரித்தாலும் சாதத்தைக் கிளறத்தான் போகிறீர்கள். பிழிந்த பழத்தின் மணம் வரவே வராது. இதை நிறுத்திவிடலாம்.

புளிக்காய்ச்சல் அப்படியல்ல. புளி கரைத்து, எண்ணெய் பிரியும்வரை சுண்டவைக்க அடுப்பருகிலேயே அரை மணி நேரம் நிற்க வேண்டும். அதை யாரோ செய்து பாட்டிலில் தருகிறார்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானங்களை, எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது விதி. புளி முதலிலோ இரண்டாவதாகவோ இருந்தால் சரி. எண்ணெய், உப்பு, சர்க்கரை எல்லாம் கடந்து புளி வந்தால், அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்க உரிம எண்ணும் தயாரித்த தேதியும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உப்புமா மிக்ஸ் வாங்கும்போது எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் ஒரு கிராம் எவ்வளவு என்ற அலகு விலை இருக்கும். அதைப் பக்கத்து அடுக்கில் இருக்கும் ரவையின் அலகு விலையோடு ஒப்பிட்டாலே மனசு மாறிவிடும். ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ ரவைக்குக் கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை தாளித்து, அதிலேயே ரவையைக் கொட்டி வறுத்து, நன்றாக ஆறவைத்து டப்பாவில் போட்டுவிடுங்கள். கறிவேப்பிலை கையால் நொறுக்கினால் பொடியாக வேண்டும். ஈரம் நின்றால் ரவை கெட்டுவிடும். காலையில் ஒரு டம்ளர் ரவைக்கு இரண்டரை டம்ளர் கொதிக்கிற தண்ணீர், உப்பு. நீங்கள் தலை பின்னி முடிப்பதற்குள் உப்புமா தயார்.

அரைத்த இட்லி மாவு வாங்குவது நியாயமான செலவு. தேதி பாருங்கள், பாக்கெட் உப்பியிருந்தால் எடுக்காதீர்கள். முதல் நாள் மாவில் இட்லி ஊற்றி, இட்லிப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இருபக்கமும் தடவிக் கொடுங்கள். தேங்காய்ச் சட்னி வெயிலில் மதியத்துக்குள் ஊசிப்போகும். பொடிக்கு அந்தப் பயம் இல்லை. உலர்ந்த இன்ஸ்டன்ட் சேவையும் வீட்டில் இருக்க வேண்டிய பொருள்தான். சேவை பிழிகிற பாட்டைச் செய்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

சப்பாத்தி, பரோட்டா பாக்கெட் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இவற்றுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் பூஜ்யம். உறைய வைத்த பரோட்டாவுக்கு அதற்கு முன் 18 சதவீதம் இருந்தது. பில்லில் இன்னும் வரி போட்டிருந்தால் கேளுங்கள்.

எதுவுமே முடியாத நாளுக்குத் தயிர்சாதம். சாதத்தைக் குழைய வடித்துச் சூட்டோடு மசித்து, பால் விட்டு, வெதுவெதுப்பானதும் ஒரே ஒரு ஸ்பூன் தயிர் சேர்த்துக் கலக்குங்கள். பள்ளியில் மணி அடிக்கும்போது பதமாகத் தோய்ந்திருக்கும், புளிக்காது. எந்தச் சாதமானாலும் ஆவி அடங்கிய பிறகே மூடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்து நீர் கோத்து, சீக்கிரம் கெட்டுப்போகும்.

கேள்வி: பேரனுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கப் போனேன். கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, ஒட்டவில்லை பாருங்கள், அசல் 304 ரக எவர்சில்வர் என்றார். நம்பலாமா?
- மதுரை வாசகர்

பதில்: ஐயா, அந்தச் சோதனையை மட்டும் வைத்து நம்ப முடியாது. 304 ரகத்தில் குரோமியத்தோடு நிக்கல் சுமார் 8 சதவீதம் இருக்கும். விலை குறைந்த 202 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்க்கிறார்கள். இரண்டிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. போதாக்குறைக்கு, நல்ல 304 தகடும் அழுத்தி வளைத்த மூலைகளில் லேசாக இழுக்கும். அடியில் 304 என்றோ 18/8 (குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம்) என்றோ முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, பில்லிலும் அதையே எழுதி வாங்குங்கள்.

பேரனைக் கடைக்கு அழைத்துப் போவது இன்னும் நல்லது. கிளிப்பைத் தானே திறந்து மூடட்டும். திறக்க முடியாமல் சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவரும் சின்னப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், மனசு கேட்காது. தண்ணீர் ஊற்றி மூடித் தலைகீழாகப் பிடித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். மூடியில் இருக்கும் சிலிகான் வளையம் கழற்றிக் கழுவும்படி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்தே நாளில் அதனடியில் சாம்பார் தங்கி நாற்றம் பிடிக்கும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய லன்ச் பாக்ஸ் முதல் நாளே ஒழுகி, மகளின் நோட்டெல்லாம் நனைந்துவிட்டது. சமையலறைப் பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்கிறார்கள்.
- சேலம் வாசகர்

பதில்: அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. குறையுள்ள பொருளையும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. ஒழுகாது என்று எழுதியிருந்த விற்பனைப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். பாக்ஸில் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்து வீடியோ எடுங்கள். பில்லோடு சேர்த்து எழுத்தில் புகார் அனுப்புங்கள். மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. நனைந்த நோட்டுகளையும் படமெடுத்து வையுங்கள். அந்த இழப்பையும் சேர்த்துக் கேட்கலாம்.