வாரம் 2,500 டாலர் என்கிறார் ஏஜென்ட்: இங்கே வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு 28 வயது, சிங்கப்பூர்க் குடியுரிமை. அரசாங்க மருத்துவமனை ஒன்றில் தாதியாக இருக்கிறேன். ஷிஃப்ட் படியெல்லாம் சேர்த்து மாதம் 4,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). குவீன்ஸ்லாந்தில் ஒரு சின்ன ஊர் மருத்துவமனையில் 13 வார ஒப்பந்த வேலை, வாரம் 2,500 ஆஸ்திரேலிய டாலர், தங்க இடம் இலவசம் என்று ஏஜென்சி சொல்கிறது. தினமும் வாட்ஸ்அப்பில் ஒரு சான்றிதழ் கேட்கிறார்கள். தடுப்பூசி ரத்தப் பரிசோதனை, காவல்துறைச் சான்று, பழைய வேலைச் சான்று என்று இதுவரை கையிலிருந்து 1,100 வெள்ளி போய்விட்டது. அங்கத்திய தாதியர் பதிவு பாதியில் நிற்கிறது, விசாவுக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்க வேண்டும். "நோட்டீஸ் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இடம் போய்விடும்" என்கிறார் ஏஜென்ட். சேமிப்பு 9,000 வெள்ளி. அம்மாவுக்கு மாதம் 600 கொடுக்கிறேன். நானும் வருங்காலக் கணவரும் பதிந்த பிடிஓ வீட்டுக்கு (முன்பதிவு செய்தால் அரசாங்கம் கட்டித் தரும் வீடு) அடுத்த ஆண்டு சாவி வரும். வேலையை விடலாமா?
ஈசூன் வாசகி

பதில்: இப்போது விடாதீர்கள். போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பதிவு, விசா, இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் மூன்றும் கைக்கு வந்த பிறகு நோட்டீஸ் கொடுங்கள். "இடம் போய்விடும்" என்ற பேச்சை விடுங்கள். ஆள் பற்றாக்குறை இருப்பதால்தானே இவ்வளவு தூரம் வந்து உங்களைத் தேடுகிறார்கள்? இந்த இடம் போனால் இன்னொன்று வரும். போன 1,100 வெள்ளியும் போனதுதான். அதை எடுத்துவிட வேண்டும் என்பதற்காக முடிவெடுக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குக் கணக்கைப் பாருங்கள்.

வாரம் 2,500 வீதம் 13 வாரத்துக்கு 32,500 ஆஸ்திரேலிய டாலர். உங்கள் வயதுக்கு ஏஜென்சி மனதில் வைத்திருப்பது 462 வகை வொர்க் அண்ட் ஹாலிடே விசாவாகத்தான் இருக்கும். 18 முதல் 30 வயதுவரை சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அது உண்டு. அந்த விசாவில் முதல் 45,000 டாலர் வரை முதல் டாலரிலிருந்தே 15 விழுக்காடு வரி. 4,875 போக மீதி 27,625. ஒரு ஆஸ்திரேலிய டாலரை 85 காசு என்று வைத்தால் ஏறக்குறைய 23,500 வெள்ளி. இதில் பதிவுக் கட்டணம், விசா, போக வர விமானம், மருத்துவக் காப்புறுதி, அங்கே போய் இறங்கியதும் ஆகும் சில்லறைச் செலவு என்று இனிமேல் ஒரு 4,000 வெள்ளி ஒதுக்குங்கள். சாப்பாடு, போன், பெட்ரோல் எல்லாம் வாரம் 200 டாலர் என்று வைத்தால் இன்னொரு 2,200 வெள்ளி. கையில் நிற்பது 17,300.

அங்கே முதலாளி 'சூப்பர்' என்கிற ஓய்வுக்கால நிதிக்குச் சம்பளத்துக்கு மேல் 12 விழுக்காடு கட்டுவார். உங்கள் கணக்கில் 3,900 டாலர் சேரும். ஆனால் இந்த விசாக்காரர்கள் நாடு திரும்பி அதை எடுக்கும்போது 65 விழுக்காடு வரி பிடிக்கிறார்கள். நூற்றுக்கு 35தான் உங்களுக்கு. அதாவது சுமார் 1,160 வெள்ளி. மொத்தம் 18,450 என்று வைத்துக்கொள்வோம்.

இங்கே இருந்தால்? கைக்கு வருவது மாதம் 3,600. உங்கள் பங்கு 20, முதலாளி பங்கு 17 விழுக்காடு என்று மத்திய சேம நிதிக்கு 1,665. அதுவும் உங்கள் பணம்தான், பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஆக மாதம் 5,265, மூன்று மாதத்துக்கு 15,800. பதின்மூன்றாம் மாதச் சம்பளமும் போனசும் இதில் வரவில்லை.

வித்தியாசம் 2,650 வெள்ளி. இங்கே நீங்கள் சம்பாதிப்பதில் இரண்டு வாரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். கடைசிச் சம்பளத்துக்கும் அங்கே முதல் ஷிஃப்டுக்கும் நடுவில் மூன்று வாரம் சும்மா இருந்தால் இந்த லாபம் போய், கையிலிருந்தும் கொஞ்சம் போகும். இந்த மாதிரி வேலையில் தள்ளிப்போவது சகஜம். ஒரு தடுப்பூசிச் சீட்டில் தேதி தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள், வேலை தொடங்கும் தேதி அடுத்த திங்கள், அதற்கடுத்த திங்கள் என்று நகரும். ஏஜென்டுக்கு அதனால் ஒரு காசும் நட்டமில்லை.

பதிவு விஷயத்தில் உங்களுக்கு ஒரு நல்ல காலம். 2025 ஏப்ரலில் ஆஸ்திரேலியத் தாதியர் வாரியம் விரைவு வழி ஒன்றைத் திறந்தது. சிங்கப்பூரில் பதிவு பெற்று, 2017க்குப் பிறகு 1,800 மணி நேரம் வேலை பார்த்தவர்கள் அதில் விண்ணப்பிக்கலாம். வாரம் 42 மணி நேர வேலை என்றால் ஏறக்குறைய 43 வாரத்தில் அந்த 1,800 வந்துவிடும். ஆனால் நிரூபிக்க வேண்டும். அதனால் வேலையில் இருக்கும்போதே சம்பளச் சீட்டுகள், டூட்டி ரோஸ்டர், ஊழியர் கிளினிக்கில் உள்ள ஹெபடைட்டிஸ் பி, தட்டம்மை, சின்னம்மை பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்ட மறுநாளே உங்கள் மருத்துவமனைக் கணக்கு பூட்டிவிடும். அப்புறம் ஒரு பேப்பருக்காக மனிதவளப் பிரிவுக்கு நடக்க வேண்டியிருக்கும். இங்கத்திய நர்சிங் பதிவையும் புதுப்பித்து வைத்திருங்கள். திரும்பி வரும்போது அது இல்லாமல் ஒரு வார்டிலும் நிற்க முடியாது.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. அதுதான் எனக்கு இந்தக் கடிதத்தில் பெரிதாகப் படுகிறது. அரசாங்க மருத்துவமனைத் தாதியர் வேலையில் நிலைத்திருக்க ஊக்கத்தொகை தரும் ஏஞ்சல் திட்டத்தை 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளிவரை, நான்கு முதல் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை 20,000 முதல் 30,000 வெள்ளிவரை. உங்கள் அடுத்த தவணை எப்போது, வேலையை விட்டுப் பிறகு திரும்பச் சேர்ந்தால் பழைய சேவைக்காலம் எண்ணப்படுமா, சம்பளமில்லா விடுப்பில் போனால் என்ன ஆகும் என்று மனிதவளப் பிரிவிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள். 2,650 வெள்ளிக்குப் போய் 20,000 வெள்ளித் தவணையைத் தவறவிட்டால் அதை நான் சம்பாத்தியம் என்று சொல்ல மாட்டேன். சம்பளமில்லா விடுப்பு கிடைத்தால் அதுதான் எல்லாவற்றிலும் நல்லது. ஆனால் விடுப்பில் இருந்துகொண்டு வேறு முதலாளியிடம் வேலை பார்க்க அனுமதி வேண்டும், அதையும் மறைக்காமல் கேளுங்கள். படிப்புக்கு மருத்துவமனை உதவி செய்திருந்தால் பாண்ட் (அதற்காகக் கட்டாயம் வேலை பார்க்க வேண்டிய காலம்) முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

பிடிஓவுக்கு வருவோம். உங்கள் வயதில் சம்பளத்தில் 23 விழுக்காடு, வீட்டுக்கு எடுக்கக்கூடிய சேம நிதிச் சாதாரணக் கணக்குக்குப் போகிறது, மாதம் 1,035. மூன்று மாதம் நின்றால் சாவி வாங்கும்போது 3,105 குறையும். அங்கிருந்து அனுப்பும் பணத்தைச் சேம நிதியில் போட்டு ஈடுகட்டலாம் என்று நினைக்காதீர்கள். தானாக முன்வந்து கட்டினால் அது சாதாரண, சிறப்பு, மெடிசேவ் என்ற மூன்று கணக்குக்கும் பிரிந்து போகும். ரொக்கமாகவே தனியாக வைத்திருங்கள். வங்கிக் கடன் எடுப்பதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. நிலையில்லாத வருமானத்தை வங்கி 30 விழுக்காடு குறைத்துத்தான் எடுத்துக்கொள்ளும். வருங்காலக் கணவரிடம் இந்தக் கணக்கைக் காட்டிவிட்டீர்களா? வீடு இருவருக்கும்தானே.

உங்கள் 9,000த்தில் 4,000 முன்செலவு. அங்கே முதல் சம்பளம் வரும்வரை அம்மாவுக்கு இரண்டு மாதம் 1,200. வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் வருமான வரி ஜைரோ தவணை, காப்புறுதித் தவணை எதுவும் உங்களுக்காக நிற்காது. மருத்துவமனையின் குழுக் காப்புறுதி விலகியதும் போய்விடும். ஆஸ்திரேலிய அரசாங்க மருத்துவக் காப்பான மெடிகேர் சிங்கப்பூரர்களுக்கு இல்லை, அதனால் தனிக் காப்புறுதி கட்டாயம் எடுங்கள். எல்லாம் போக 2,500 வெள்ளியாவது அசையாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள்.

போவது என்று முடிவானால் ஒரே ஒப்பந்தத்துக்காகப் போகாதீர்கள். முன்செலவு ஒரு முறைதான், அதனால் இடைவெளியில்லாமல் இரண்டு 13 வாரம் கிடைத்தால் லாபம் 9,000 வெள்ளியை ஒட்டி வரும். இந்த விசாவில் ஒரே முதலாளியிடம் ஆறு மாதம்தான் பொதுவாக இருக்கலாம், 26 வாரம் அதற்குள் அடங்கும். அங்கே வரி ஆண்டு ஜூலை 1ல் தொடங்குகிறது. ஒரு ஒப்பந்தம் ஜூன் இறுதிக்குள், அடுத்தது ஜூலையில் என்று விழுந்தால் இரண்டும் 45,000க்குள் நிற்கும். ஒரே ஆண்டில் விழுந்தால் கூடுதலாக 3,000 டாலர் வரி. இதையெல்லாம் நீங்கள் சொன்னால்தான் ஏஜென்ட் யோசிப்பார்.

ஏஜென்டிடம் எழுத்தில் பதில் வாங்க வேண்டியவை: 2,500ல் சூப்பர் சேர்ந்ததா, தனியா? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உறுதி? மருத்துவமனை ஷிஃப்டை ரத்து செய்தால் காசு உண்டா? விமானச் செலவை முன்னால் தருவார்களா, 13 வாரம் முடித்த பிறகா? நடுவில் வந்துவிட்டால் திருப்பிக் கேட்பார்களா? 'இலவச' அறை தனியறையா, மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரமா, கார் வேண்டுமா? முதலாளி இந்த விசாக்காரர்களை வேலைக்கு வைக்க வரித் துறையில் பதிந்தவரா? பதியாதவர் என்றால் 15க்குப் பதில் 30 விழுக்காடு பிடிப்பார்கள், அப்புறம் வரிக்கணக்கு தாக்கல் செய்துதான் அதைத் திரும்ப வாங்க வேண்டும்.

சூப்பர் பணத்தை நாடு திரும்பி, விசாவும் முடிந்த பிறகுதான் எடுக்க முடியும். 462 ஓராண்டு விசா. மார்ச்சில் வீடு வந்துவிட்டாலும் விசா ஆகஸ்ட்வரை உயிரோடு இருந்தால் பணம் அங்கேதான் கிடக்கும். அவசரம் என்றால் விசாவை ரத்து செய்யும்படி எழுதிக் கேட்கலாம். சாவி வாங்கும் கணக்கில் அந்த 1,160 வெள்ளியைச் சேர்க்காதீர்கள்.