தூண்டில் போடப் போகிறவருக்கு எந்த வாட்டர்ப்ரூஃப் கேமரா?

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மச்சானும் முட்டுக்காட்டிலோ பழவேற்காட்டிலோ தூண்டில் போடுகிறோம். மாதம் ஒருமுறை கோவளத்திலிருந்து ஃபைபர் படகில் கடலுக்கும் போவோம். போன மாதம் என் செல்போன் நழுவி உப்புத் தண்ணீரில் விழுந்து வீணாகிவிட்டது. 20,000 ரூபாய்க்குள் ஒரு வாட்டர்ப்ரூஃப் டிஜிட்டல் கேமரா வாங்க நினைக்கிறேன். 10 மீட்டர், 15 மீட்டர், 30 மீட்டர் என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். ஆழம் அதிகமாகப் போட்டிருப்பதை வாங்கினால்தான் பாதுகாப்பா?
– வியாசர்பாடி வாசகர்

பதில்: மீட்டர் கணக்கை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். அந்த எண் முக்குளிப்பவர்களுக்குத்தான் முக்கியம். உங்கள் கேமரா நனையப்போவது அலைத் தெறிப்பிலும், மீன் பிடித்த கையின் ஈரத்திலும், எப்போதாவது ஒரு முழுக்கிலும்தான். அதற்கு 10 மீட்டர் தாராளம். 30 மீட்டர் தாங்கும் கேமராவே கடலில் கைநழுவினாலும், உள்ளே ஒரு சொட்டு நீர் புகாமல் அடியில் கிடக்கும், அவ்வளவுதான். எடுக்க ஆள் வேண்டுமே! இந்த வகைக் கேமராக்கள் பொதுவாக மிதக்காது. அதனால் கேமரா வாங்கும் அன்றே பஞ்சு போன்ற ஃபோம் வைத்த மிதக்கும் ஸ்ட்ராப் ஒன்றையும் வாங்குங்கள். ஆரஞ்சு அல்லது மஞ்சள் நிறமாக இருக்கட்டும், அலைக்கு நடுவே கண்ணில் படும். உங்கள் கேமராவின் எடையை அது தாங்குமா என்று ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

பதினெட்டு வருடமாகக் கேமரா சர்வீஸ் செய்கிறேன். தண்ணீர் புகுந்து என் மேஜைக்கு வந்த வாட்டர்ப்ரூஃப் கேமராக்களில் பெரும்பாலானவை முழங்கை ஆழத்துக்குக் கீழே போனதே இல்லை. தண்ணீர் புகுந்த வழி அநேகமாக எப்போதும் ஒன்றுதான்: பேட்டரி மூடி. அந்த மூடியின் உள்விளிம்பில் மெல்லிய ரப்பர் வாஷர் ஒன்று ஓடும். கேமராவின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஒருமுறை பழவேற்காடு போய் வந்தவர் ஒருவர் கொண்டு வந்தார். மூடியைத் திறந்தேன். பேட்டரி முனைகளில் பச்சையும் நீலமுமாக உப்பு பூத்திருந்தது. கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டி விளக்கைப் பிடித்துப் பார்த்தால், வாஷரின் மேல் குறுக்காக, அரை சென்டிமீட்டர்கூட இல்லாத தூண்டில் நரம்புத் துண்டு. முள் கட்டிவிட்டு வெட்டிப் போட்ட மிச்சம். படகிலேயே மெமரி கார்டு மாற்றியபோது கையோடு ஒட்டி வந்திருக்கிறது. மூடி சரியாகத்தான் மூடியிருந்தது, பூட்டும் விழுந்திருந்தது. நரம்பின் இரண்டு பக்கமும் விழுந்த மயிரிழை இடைவெளி போதுமானதாக இருந்தது. ஒரு மணல் துகளும், ஒரு தலைமுடியும் இதே வேலையைச் செய்யும்.

ஆகவே கடையில் கேமராவைக் கையில் வாங்கியதும் மூடியைப் பாருங்கள். ஒரே தள்ளில் திறந்துகொள்ளும் மூடி வேண்டாம். அழுத்தி, நகர்த்தி, பிறகு திறக்கிற மாதிரி இரட்டைப் பூட்டு இருப்பதே நல்லது. வாஷர் ஒரே சீராக, மடிப்போ வெடிப்போ இல்லாமல் இருக்க வேண்டும். சார்ஜ் போடுவதற்குத் தனி மூடி இருந்தால் அதையும் இதே போலப் பாருங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் எழுத்துகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். ஐபிஎக்ஸ்8, ஐபி68 என்றால் அதற்கு மேல். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளர் சொல்ல வேண்டும். இந்தச் சோதனைகள் எல்லாம் நல்ல தண்ணீரில் செய்யப்படுபவை. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஐபி68 போட்ட செல்போனும் கடலில் வீணாவதற்கு இதுவும் ஒரு காரணம். ‘ஸ்பிளாஷ் ப்ரூஃப்’, ‘வெதர் சீல்டு’ என்று மட்டும் போட்டிருந்தால் அது மழைத் தூறலுக்குத்தான்.

சரி, எதை வாங்குவது?

இந்த வகையில் எனக்குப் பிடித்தது ஓஎம் சிஸ்டம் நிறுவனத்தின் டஃப் டிஜி-7. அதற்கு முந்தையது 2019-ல் ஒலிம்பஸ் பெயரில் வந்த டிஜி-6. இரண்டும் 15 மீட்டர் தாங்கும், 12 மெகாபிக்சல், நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும் எஃப் 2.0 லென்ஸ். விடியற்காலை ஐந்தரை மணிக்கு முட்டுக்காட்டில் முதல் கொடுவா ஏறும்போது வெளிச்சம் இருக்காது. அந்த நேரத்தில் இந்த லென்ஸின் அருமை தெரியும். ஒரு சென்டிமீட்டர் நெருக்கத்தில் மீனின் செதிலை, கண் வளையத்தைப் படம் எடுக்கலாம். ஆனால் புதிதாக வாங்கினால் உங்கள் பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். கடன் வாங்கி இதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் பணத்துக்கு அருகில் வருவது கோடாக் பிக்ஸ்ப்ரோ டபிள்யூபிஇசட்2. 15 மீட்டர் ஆழம், 16 மெகாபிக்சல், 4 மடங்கு ஆப்டிகல் ஜூம். வெயில் ஏறிய பிறகு நல்ல படம் தரும். இருட்டில் படம் பிசிறடிக்கும், அதைத் தெரிந்தே வாங்க வேண்டும். உங்கள் தேவைக்கு இது போதும் என்பதே என் கருத்து. பில்லோடு வாங்குங்கள். பில் இல்லாமல் 2,000 குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம். தண்ணீர் புகுந்தால் வாரண்டி உண்டா என்பதைப் பணம் கொடுக்கும் முன் வாரண்டி தாளில் நீங்களே படித்துவிடுங்கள்.

ஐந்தாறு ஆயிரத்துக்கு ‘48 மெகாபிக்சல் வாட்டர்ப்ரூஃப்’ என்று வருகிறதே, அதன் பக்கம் போகாதீர்கள். உள்ளே சின்ன சென்சாரை வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் மென்பொருளால் ஊதிக் காட்டுவார்கள். பல மாடல்களில் ஃபோகஸ் நகராது, ஜூமும் லென்ஸால் அல்ல, படத்தை வெட்டிப் பெரிதாக்கும் டிஜிட்டல் ஜூம்தான்.

பழையது வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். நிக்கான் டபிள்யூ300, ஃபியூஜி எக்ஸ்பி140 இரண்டும் நல்ல கேமராக்கள், தயாரிப்பு நின்றுவிட்டது. சென்னை ரிச்சி தெருப் பக்கமோ, தெரிந்தவரிடமோ கிடைத்தால் விற்பவரின் சம்மதத்தோடு ஒரு சோதனை செய்யுங்கள். பேட்டரியையும் கார்டையும் எடுத்துவிட்டு, அந்தக் குழியில் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை மடித்து வையுங்கள். மூடிப் பூட்டி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். எடுத்து, வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துக் காயவைத்த பிறகே திறக்க வேண்டும். பேப்பர் மொரமொரவென்று இருந்தால் மூடி சரி. சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

கோப்ரோ போன்ற ஆக்‌ஷன் கேமராவும் உண்டு. மார்பில் மாட்டிக்கொண்டால் ராடும் ரீலும் இரண்டு கையில் இருக்கும்போதே வீடியோ ஓடும், அது பெரிய வசதி. ஆனால் அதன் பார்வை மிக அகலம். பத்தடி தூரத்தில் துள்ளும் மீன் படத்தில் புள்ளியாகத்தான் தெரியும். போட்டோதான் வேண்டும் என்றால் ஜூம் உள்ள கேமராவே சரி.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நல்ல வெளிச்சத்தில் உங்கள் அடுத்த செல்போன் இந்த விலைக் கேமராவைவிட நல்ல படம் எடுக்கும். கேமராவுக்குக் கொடுக்கும் பணம் படத்தின் தரத்துக்கு அல்ல, பயமில்லாமல் ஈரக் கையால் எடுக்கும் நிம்மதிக்கு. மாதம் ஒருமுறைதான் போகிறீர்கள் என்றால் செல்போனைப் போட்டு மூடும் சில நூறு ரூபாய் வாட்டர்ப்ரூஃப் பிளாஸ்டிக் பை போதும் என்றிருப்பேன். வாரா வாரம் போகிறவர் நீங்கள். ஈரமான பைக்குள் டச் ஸ்கிரீன் சரியாக வேலை செய்யாது, உள்ளே ஆவி படியும், மீன் கொக்கியில் துள்ளும் நேரத்தில் எரிச்சல்தான் மிஞ்சும்.

வாங்கிய பிறகு பராமரிப்பில்தான் எல்லாம் இருக்கிறது. பேட்டரி, கார்டு எல்லாவற்றையும் முதல் நாள் இரவே வீட்டில், ஈரம் இல்லாத அறையில், கழுவித் துடைத்த கையோடு போட்டு மூடுங்கள். வாஷரை லேசாகத் தடவி, நூலோ தூசியோ இல்லை என்று விரல் நுனியால் உறுதி செய்யுங்கள். படகில் மூடியைத் திறக்கவே கூடாது. திரும்பியதும், மூடி பூட்டியபடியே, வாளியில் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஊறப் போடுங்கள். உள்ளேயே ஒவ்வொரு பட்டனையும் நாலைந்து தடவை அழுத்திவிடுங்கள். பட்டன் இடுக்கில் உப்பு காய்ந்துவிட்டால் பிறகு அது மேலே எழும்பாது. குழாயை வேகமாகத் திறந்து அடிக்காதீர்கள். பீய்ச்சும் தண்ணீரின் அழுத்தம் வேறு. சோப்பும் வேண்டாம். வாஷரை வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

வெயில் விஷயத்தில் நம் ஊரில் கூடுதல் கவனம் தேவை. மே மாதம் படகுப் பலகையில் கிடந்து கொதித்த கேமராவை அப்படியே தண்ணீரில் முக்கினால், உள்ளே சூடாகியிருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். அந்தச் சுருக்கம் வாஷரின் பலவீனமான இடத்தில் தண்ணீரை உறிஞ்சும். லென்ஸுக்கு உள்பக்கம் பனி படர்வதும் இந்தத் திடீர்க் குளிர்ச்சியால்தான். நிழலில் துணிக்கு அடியில் வையுங்கள். அதற்காக மீனோடு ஐஸ் பெட்டியில் வைத்துவிடாதீர்கள், இப்படிச் செய்தவரையும் பார்த்திருக்கிறேன். ஜில்லென்ற கேமராவை வீட்டில் உடனே திறந்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் முழுக்க உள்ளே வியர்க்கும்.

லென்ஸ் கண்ணாடியில் உப்புத் துளி பட்டால் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், உப்புப் பரல் கீறிவிடும். ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் வைத்திருந்து ஊற்றி அலசுங்கள். படம் எடுக்கும்போது சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். பிளாஷை அணைத்துவிடுங்கள், மடவை மாதிரி வெள்ளிச் செதில் மீனில் அது வெறும் வெள்ளைப் பளீராகத்தான் விழும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, மைனஸ் 0.7 வரை குறைத்தால் செதில் வரிகள் தனித்தனியாகத் தெரியும். மச்சானிடம் மீனைக் கொஞ்சம் தண்ணீரில் நனைத்துத் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். காய்ந்த மீனில் நிறம் சீக்கிரம் மங்கிவிடும்.